ஸ்பிரிங்கில் தொங்கிய மைக்

நேற்று சாயங்காலம் பாலிகஞ்சில் எங்கள் ஃபிளாட்டுக்குக் கீழே பூஜைப் பந்தலுக்கு மைக் கட்டினார்கள். சோதித்துப் பார்க்கும்போது 'கூ'வென்று அது போட்ட கூச்சலில் பேத்தி காதைப் பொத்திக்கொண்டாள். நான் சிரித்தேன். அந்தக் கூச்சலோடு எனக்குப் பழைய பரிச்சயம் உண்டு.

அப்போது வெள்ளைக்காரன் காலம். கல்யாணமாகி, ஊரைவிட்டு வங்காளத்துக்கு, காளிகாட்டில் ஒரு சந்து வீட்டுக்கு வந்தேன். அவர் ஒரு கம்பெனியில் குமாஸ்தா. ஊரிலிருந்து நான் கொண்டுவந்த சொத்து என்று பார்த்தால் கொஞ்சம் பாத்திரமும் கணீரென்ற குரலும்தான். யார் வீட்டுக் கொலுவானாலும் என்னைத்தான் பாடச் சொல்வார்கள். எனக்கும் தலை கொஞ்சம் கனத்துத்தான் இருந்தது. மறு வருஷம் டைபாய்டு வந்தது. போகும்போது குரலையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. சுருதி இருந்தது, சத்தம் இல்லை. அடுக்களையிலிருந்து கூப்பிட்டால் கூடத்தில் இருப்பவருக்குக் கேட்காது. "இதுவும் நல்லதுக்குத்தான்" என்று அவர் கேலி செய்தார். நான் அழுததைப் பார்த்தபிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

அந்த நவராத்திரிக்கு எங்கள் தமிழ்ச் சங்கத்தில் முதன்முதலாக மைக் வைத்தார்கள். பாட்டுக்கு இல்லை, யாரோ பெரிய மனிதரின் பேச்சுக்கு. பாடுகிறவர்கள் யாரும் அதன் பக்கமே போகமாட்டோம் என்றார்கள். காரியதரிசி ராமநாத மாமா, "அதெல்லாம் குரல் இல்லாதவாளுக்கு!" என்று சிரித்தார்.

"எனக்குத்தான் குரல் இல்லையே மாமா, நான் பாடறேனே" என்றேன். எங்கிருந்து வந்ததோ அந்தத் தைரியம். மாமா என் வீட்டுக்காரரைப் பார்த்தார். இவர், "பாடட்டுமே" என்றார்.

அந்த மைக்கை நீங்கள் பார்த்திருக்கமாட்டீர்கள். ஒரு இரும்பு வளையத்துக்கு நடுவில், ஸ்பிரிங்குகளில் தொங்கும். பக்கத்தில் பல்பு மாதிரி வால்வுகள் கனன்றுகொண்டிருக்கும் ஆம்ப்ளிஃபயர் பெட்டி, கீழே பாட்டரிகள். பாட்டரியின் அமில நெடி, நான் காய்ச்சலில் கிடந்த அறையில் தெளித்த மருந்தின் நெடி மாதிரியே இருந்தது. மூக்கில் ஏறியதும் பாதித் தைரியம் போயிற்று. என் குரலுக்காக வால்யூமை அதிகமாகத் திருகியிருந்தார்கள். வாயைத் திறந்தேன். மைக் கூச்சல் போட்டது. சபை முழுக்கச் சிரிப்பு. எழுந்து ஓடிவிடலாமா என்றிருந்தது.

மைக் செட்டுக்காரர் ஷிபு பாபு, வேட்டிமேல் கோட்டுப் போட்ட நடுவயது வங்காளி, பதறவில்லை. என் தலைக்கு மேலே கட்டியிருந்த ஒலிபெருக்கி ஹார்னை அவிழ்த்து, முன்னே ஒரு தூணில் ஜனங்களைப் பார்க்கக் கட்டினார். ஹார்னின் சத்தமே மறுபடி மைக்கில் புகுந்து சுற்றிச் சுற்றி வந்ததுதான் கூச்சலாம், பின்னால் தெரிந்துகொண்டேன். பிறகு மைக்கை என் முகத்தருகே நகர்த்தி, அதன் முதுகில் விரலால் தட்டினார். உள்ளே இருக்கும் கரித்தூள் கெட்டித்துப்போனால் அப்படி உலுக்கிவிட வேண்டுமாம்.

"மா, ஆஸ்தே, ஆஸ்தே" என்றார். மெதுவாக, மெதுவாக. அதுவரை எல்லோரும் என்னிடம் சொன்னது "உரக்க, உரக்க"தான்.

பாடினேன். எதிர்ச்சுவரிலிருந்து என் குரல் எனக்கே திரும்பி வந்தது. பழைய குரல் இல்லை, ஆனாலும் என்னுடையதுதான். அந்த எதிரொலியில் தாளம் தடுமாறியது. முன்வரிசையில் என் வீட்டுக்காரர் தொடையில் தட்டிக்கொண்டிருந்தார். சங்கீதமே தெரியாத மனிதர், நான் சொல்லிக்கொடுத்த ஆதி தாளம் ஒன்றைத் தவிர. அந்தக் கையையே பார்த்துக்கொண்டு கரையேறினேன். சுண்டல் தாளித்துக்கொண்டிருந்த மாமிகள் கரண்டியும் கையுமாக வாசற்படியில் வந்து நின்றார்கள்.

முடிந்ததும் ராமநாத மாமா மேடைக்கே வந்தார். "கடைசி வரிசை வரைக்கும் கேட்டதும்மா. இன்னொண்ணு பாடேன்." கேலி செய்த வாயால் கேட்டாரே, நல்ல மனிதர்.

அப்புறம் எத்தனையோ வருஷம் பாடினேன். அன்று ஷிபு பாபுவுக்கு நன்றி சொல்ல எனக்கு வங்காள பாஷை தெரியாது. ஒரு தொன்னை சுண்டலைக் கொண்டுபோய் நீட்டினேன். சாப்பிட்டுவிட்டு, "பாலோ, கூப் பாலோ" என்றார், ரொம்ப நன்றாயிருக்கிறது என்று. பாட்டைச் சொன்னாரா, சுண்டலைச் சொன்னாரா, தெரியாது.

யுத்தம் வந்தது. ஷிபு பாபு எங்கே போனார் என்று சொல்ல ஆளில்லை. சங்கத்தின் கூடத்தை இடித்து அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். தாளம் போட்ட கையும் போய்ச் சேர்ந்துவிட்டது. எனக்கு இப்போது வங்காள பாஷை தண்ணீர் பட்ட பாடு. அரை மணி நேரம் நிறுத்தாமல் நன்றி சொல்வேன். கேட்கத்தான் அந்த மனிதர் இல்லை.