என் கழுத்தில் சுளுக்கு இல்லை

முடக்குவாதம் என் விரல்களைச் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்த்துவிட்டது. இறால் உரிக்க முடியாது. தாழ்ப்பாள் தள்ள முடியாது. கண்ணுக்குத் தெரிவதால் அதைப் பழவேற்காட்டில் எல்லோரும் நம்பினார்கள். கழுத்தைத்தான் ஒருவரும் நம்பவில்லை.

சென்னையில் டாக்டரம்மா எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் காட்டி விளக்கினார். மண்டைக்குக் கீழே உள்ள முதல் இரண்டு எலும்புகளைப் பிணைக்கும் தசைநார் தளர்ந்துவிட்டது. யாராவது தலையைப் பிடித்துத் திருப்பினால் எலும்பு நழுவித் தண்டுவடத்தை நசுக்கும்; கைகால் விழுந்துவிடலாம், உயிரே போகலாம். கழுத்துக்குப் பட்டை போட்டு அனுப்பினார். வீட்டுக்கு வந்ததும் கணவரையும் நாத்தனாரையும் உட்காரவைத்து, ஒரு சொல் விடாமல் சொன்னேன்.

"இன்னா அண்ணி, ஒல்லாந்தர் கல்லறை வாசல்ல செதுக்கின எலும்புக்கூடாட்டம் வெறப்பா நிக்கறீங்க! மீன்கூடை தூக்கின கழுத்து. சுளுக்குதான்" என்றாள் நாத்தனார்.

எங்கள் பக்கம் சுளுக்கு என்றால் காலால் பிறந்தவரைத் தேடுவார்கள். பிரசவத்தில் தலைக்குப் பதில் கால் முதலில் வந்தவர் கைவைத்தால் சுளுக்கு விட்டுவிடுமாம்.

மறுவாரம் ஒரு மதியம். கணவர் ஏரிக்குப் போயிருந்தார். வியர்வைக்காகப் பட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, கரண்டியால் சோறு தின்றுகொண்டிருந்தேன். பக்கத்து ஊரான பசியாவரத்திலிருந்து, காலால் பிறந்த ஒருவனை நாத்தனார் கூட்டி வந்தாள். படகு தள்ளி உரமேறிய கைகள்.

"ஒரே சொடக்குக்கா. ராத்திரிக்கு நீயே நண்டு ஒடச்சித் துன்னுவ."

"தொடாதே. எலும்பு விலகியிருக்கு."

"விலகினததான ஒக்கார வெக்கப் போறேன்!"

"அவங்க பயப்படுவாங்க, நீ புடி" என்றாள் நாத்தனார்.

பின்னால் நின்று, ஒரு கையை உச்சந்தலையிலும் மறுகையைத் தாடையிலும் வைத்தான். தள்ளப் பார்த்தேன். என் விரல்கள் அவன் மணிக்கட்டில் வழுக்கின. அவன் கட்டைவிரல் என் வாயருகே வந்தது. கடித்தேன். அலறிக்கொண்டு அவன் கையை உதறும்வரை விடவில்லை.

தெருவே கூடியது, அவன் விரலைப் பார்க்க. ஒருத்தி மஞ்சள் வைத்தாள். ஒருத்தி கலர் சோடா வாங்கிக் கொடுத்தாள். "காலால பொறந்தவனக் கடிச்சா ஊருக்கே ஆவாதே" என்றாள் மூன்றாமவள். என் கழுத்தைப் பற்றி ஒரு வாய்கூடக் கேட்கவில்லை.

சாயங்காலம் கணவர் வந்தார். "நல்லதுக்குதான வந்தான்? போயி ஒரு வார்த்தை சொல்லிட்டு வா."

"டாக்டரம்மா சொன்னதை உன்கிட்ட சொன்னேனா இல்லையா?"

"சொன்ன."

"அப்புறம் உன் தங்கச்சி எப்படி அவனக் கூட்டியாந்தா?"

வலையை மடிக்க ஆரம்பித்தார். ஏற்கெனவே மடித்த வலை.

"ஒரு தபா சுளுக்கு எடுத்துப் பாக்கலாம்னு... நாந்தான் சொன்னேன்."

நான் மன்னிப்புக் கேட்கப் போகவில்லை. இன்றுவரை போகவில்லை. கழுத்துப் பட்டையைப் பின்பக்கம் இழுத்து ஒட்டிப் போட என் விரல்களால் முடியாது; அவரைத்தான் போடச் சொல்கிறேன், தினமும். அவர் கை என் தாடைக்கருகே வரும்போது கொஞ்சம் தயங்குகிறது. தயங்கட்டும்.