மூணாறு மலை உச்சிக்குப் போன கண்ணாடி

மூணாறுக்கு மேலே மலை அளந்துகொண்டிருந்த சர்வே கூட்டத்துக்கு நான் இரண்டு கண்ணாடிகள் கொண்டுபோனேன். அறுபதுகளின் தொடக்கம். கொச்சி மட்டாஞ்சேரியில், சுக்கு நெடி வீசும் ஒரு குடோன் பக்கத்தில், முகம் பார்க்கும் கண்ணாடி வெட்டி விற்கும் கடை போட்டு ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

சர்வே ஆபீசர் தஞ்சாவூர்க்காரர். கடைக்கு வரும்போதே முகம் வாடியிருந்தது.

விஷயம் இதுதான். ஒரு மலை உச்சியில் கண்ணாடி வைத்து வெயிலைத் திருப்பி அடிப்பார்கள். பல மைல் தள்ளி, வேறொரு உச்சியில் இருப்பவர் தொலைநோக்கியில் அந்த வெளிச்சத்தைப் பார்த்துக் கோணம் எடுப்பார். அப்படித்தான் மேப் வரும். அவர்களுடைய கண்ணாடி ஜீப்பில் உடைந்துவிட்டது. அடுத்து வாங்கியதும் அப்படியே.

"மழை பிடிச்சா கேம்ப்பைக் கலைச்சிடுவாங்க. இந்த வருஷ வேலை அத்தனையும் வீண்" என்றார்.

"நானே கொண்டுவந்து தரேன் சார். உச்சி வரைக்கும் என் பொறுப்பு. உடைஞ்சா நஷ்டம் எனக்கு."

தைரியத்தில் சொல்லவில்லை. ஒரு சர்க்கார் ஆர்டரை முடித்துக் காட்டினால் எறணாகுளம் பிராட்வே மொத்த வியாபாரிகள் எனக்குக் கடனில் சரக்குத் தருவார்கள். உடைந்தால்... கடை வாடகைக்கே திண்டாட்டம்.

அவர் சொன்ன அளவுக்கு இரண்டு வெட்டி, வைக்கோல் வைத்துக் கம்பளியில் சுற்றினேன். போட்டில் எறணாகுளம், அங்கிருந்து பஸ். கண்ணாடிக்கும் ஒரு சீட் எடுத்து நிமிர்த்தி வைத்தேன்.

கண்டக்டர் எட்டிப் பார்த்தான். "இதாரா சேட்டா, வீட்டுக்காரியோ?"

"ஆமா. கோபக்காரி. தொட்டா உடைஞ்சிடுவா."

பஸ் முழுக்கச் சிரிப்பு. நான் மட்டும் ஒவ்வொரு வளைவிலும் இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்தேன்.

கேம்ப்பில் பிரித்தபோது ஒன்றில் குறுக்கே கீறல். மற்றதை எதிர் மலைக்குத் தூக்கிப் போனார்கள்.

மறுநாள் நான் ஆபீசரோடு இந்த உச்சியில். எதிரே வெறும் மஞ்சு, பனிமூட்டம்... மலையே இல்லாதது போல. மத்தியானம் விலகியது. தொலைநோக்கியில் கண் வைத்திருந்தவர் மெதுவாகச் சொன்னார்:

"வந்துடுச்சு ஓய். நீங்களே பாருங்க."

கடுகளவு வெளிச்சம். நான் வெட்டிய கண்ணாடி.

இப்போது பேரன் போன் மேப்பில் அந்த மலையை விரலால் தள்ளிக் காட்டுகிறான். நல்ல வசதி, குறை சொல்ல மாட்டேன். ஆனால் அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு புள்ளிக்காக நின்றோமே... அது போனில் வராது.

அன்று சாயங்காலம் பால் விடாத கட்டன்சாயா குடித்துக்கொண்டே அடுத்த சீசனுக்கும் பேசி முடித்தோம். மூணாறு வரை உடைந்தால் நஷ்டம் எனக்கு, அதற்கு மேலே உடைந்தால் சர்க்காருக்கு. பாதிப் பணம் முன்கூட்டியே.