கோவிந்தம்மாளின் வருமானம்

எந்த வண்டி வரிசை நகராமல் சிக்கிக்கொள்ளப்போகிறது என்று கோவிந்தம்மாளுக்கு முன்கூட்டியே மூக்கில் வேர்த்துவிடும். அவித்த மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, நிறைந்த கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு அந்த வரிசையில் முதல் ஆளாகப் போய் நிற்பாள். திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே இருக்கிற சுங்கச்சாவடிதான் அவளுக்குக் கடைவீதி. ஃபாஸ்டேக்கில் காசில்லாமல் ஒரு கார் நின்றால் பின்னால் இருக்கிறவர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள். இவளோ, "மவராசன், நல்லாருக்கணும்" என்பாள்.

ஆயுத பூஜையன்று மல்லாட்டை அளக்கிற ஆழாக்குக்குப் பொட்டு வைத்த கையோடு, டேக் படிக்கிற கருவியின் கம்பத்துக்கும் ஒரு பொட்டு வைத்துவிட்டு வருவாள். கருவி நன்றாக வேலை செய்யட்டும் என்றா வைக்கிறாள்? போங்கள் ஐயா.

அவளிடம் கேட்கக்கூடாத கேள்வி, எவ்வளவு வருகிறது என்பது. ரேஷன் கடைக்காரர் கேட்டாலும் சரி, கூடப்பிறந்த தம்பி கேட்டாலும் சரி, முகம் அந்த நிமிஷமே வாடிவிடும். "எங்க வருது... ஏதோ கஞ்சிக்கு ஆவுது." இந்த ஒரே வசனத்தை வைத்துக்கொண்டு மகளை வானூரில் கட்டிக்கொடுத்தாள், ஊர்த் திருவிழா வரியைப் பாதியாக்கிக்கொண்டாள். வீட்டுக்குத் தளம் எப்படி வந்தது என்றால் மருமகன் போட்டார் என்பாள். மருமகனுக்கே அது புதுச் செய்தி. அடுத்த வரிசையில் வெள்ளரிக்காய் விற்கும் அன்புச்செல்விதான் மகளிர் குழுத் தலைவி. கோவிந்தம்மாள் படும் கஷ்டத்தைப் பார்க்கத் தாங்காமல், இவளுடைய குழுச் சந்தாவைப் பலமுறை தன் கைக்காசில் போட்டிருக்கிறாள். நல்ல மனசு. நம்பித் தொலைத்துவிட்டாள்.

போன மாசம் ஆர்த்தி என்ற பெண் கையில் டேப்லெட்டோடு வந்தாள். கடற்கரைப் பக்கமாகப் புது விரைவுச் சாலை வரப்போகிறதாம். வந்தால் யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம் என்று விசாரிக்கிற கம்பெனியாம். வண்டிகள் எங்கேயும் நிற்காமல் பறக்கும், மிச்சமாகிற நேரமெல்லாம் நாட்டுக்கு லாபம் என்று பொறுமையாக விளக்கினாள். அந்த நேரத்தை விற்றுத்தான் கோவிந்தம்மாள் குடும்பம் நடத்துகிறாள் என்று அந்தப் பெண்ணுக்கு யார் சொல்வது? வண்டியெல்லாம் அந்தப் பக்கம் போய்விட்டால் இங்கே வரிசை ஏது, மல்லாட்டை வாங்க ஆள் ஏது?

ஆனால், "இதுல உங்களுக்கு எவ்வளவு வருமானம் வருதும்மா?" என்று ஆர்த்தி கேட்டதும், பழக்கதோஷம், வாய் தானாகத் திறந்துகொண்டது.

"எங்க பாப்பா வருது... சும்மா பொழுது போவட்டும்னு வந்து நின்னுக்கினு இருக்கேன்."

நல்லதாகப் போயிற்று, இந்த அம்மாவுக்கு நஷ்டம் ஒன்றுமில்லை என்று டேப்லெட்டில் தட்டிவைத்துக்கொண்டு ஆர்த்தி கார் ஏறப் போய்விட்டாள்.

அப்புறம்தான் அன்புச்செல்வி விஷயத்தோடு வந்தாள். பிழைப்பு போகிறவர்களுக்கு நஷ்ட ஈட்டுத்தொகை கொடுக்கச் சொல்லி, ஆர்த்தி எடுத்த கணக்கை வைத்துத்தான் மேலே எழுதுவார்களாம். நாம் சொல்கிற வருமானம்தான் பேச்சாம். தான் கொஞ்சம் கூட்டியே சொல்லியிருப்பதாகச் சொல்லிச் சிரித்துவிட்டு, "நீ இன்னாக்கா சொன்ன?" என்றாள்.

கோவிந்தம்மாளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. இத்தனை வருஷம் சோறு போட்ட வசனம் இப்படி வாயில் மண்ணைப் போடும் என்று யார் கண்டது! கூடையோடு ஓடினாள். அக்கா பாவம் என்று அன்புச்செல்வியும் பின்னாலேயே ஓடினாள்.

ஆர்த்தியின் கார் வரிசை நடுவில் நின்றிருந்தது. பின்சீட்டில் இருந்தவளிடம் கோவிந்தம்மாள் குனிந்து, தான் சொன்னது தப்பு, மாற்றி எழுதிக்கொள் என்று கெஞ்சினாள். அந்தப் பெண்ணும் தங்கமாக டேப்லெட்டைத் திறந்து, எவ்வளவு என்று கேட்டாள்.

கோவிந்தம்மாள் வாயைத் திறந்தாள். தோளில் ஒரு கை விழுந்தது.

"தகிரியமா சொல்லுக்கா, நான் இருக்கேன்ல" என்றாள் அன்புச்செல்வி, மூச்சு வாங்கியபடி.

உள்ளதைச் சொன்னால், சந்தா கட்டிய இவள் முகத்தில் இனி எப்படி முழிப்பது? சொல்லாவிட்டால் நாளைக்கு என்ன செய்வது? முன்னால் நின்ற வண்டி நகர்ந்துவிட்டது. பின்னால் ஆரன் காதைக் கிழித்தது. ஜல்தி ஆகட்டும் என்று டிரைவர் முணுமுணுத்தார்.

கோவிந்தம்மாள் கார்க் கதவைத் திறந்தாள். "தள்ளி உக்காரு பாப்பா" என்று ஏறி, கூடையை மடியில் வைத்துக்கொண்டு கதவைச் சாத்தினாள். வெளியே கழுத்தை நீட்டிக்கொண்டு நின்ற அன்புச்செல்வியைப் பார்க்காமலே, கண்ணாடியை மேலே ஏற்றச் சொல்லி டிரைவருக்குக் கை காட்டினாள்.