கஞ்சி காய்ச்சும் துர்குன்

கரண்டியால் அள்ளி, உயரத் தூக்கி, திரும்ப அண்டாவுக்குள் வழியவிடுகிறார் துர்குன். பாலாக வெளுத்துக் கிடந்த உருளைக்கிழங்கு மாவுக் கரைசல் கண்ணாடியாகத் தெளிந்துவருகிறது. "வெந்துடுச்சு, எறக்குங்கப்பா." அந்திஜான் நகரத்தில் அவர் வேலை பார்க்கும் மாத்திரைத் தொழிற்சாலையில் வெப்பமானியும் உண்டு. அதை ஒப்புக்கு ஒரு பார்வை பார்ப்பார்.

இருபத்தாறு வருடமாக இந்தக் கஞ்சிதான் மருந்துப் பொடியை இழுத்துப் பிடித்து மாத்திரையாக்குகிறது. தேநீர்க்கடையில் யாராவது மாத்திரையை வெளியே எடுத்தால் போதும், தொடங்கிவிடுவார். "எள்ளளவு மருந்து, மிச்சமெல்லாம் என் கெழங்கு. ரெண்டு வெங்காயத்தப் போட்டு வதக்கித் தின்னுய்யா." கடையே சிரிக்கும். அந்தப் பேச்சை அவர் வீட்டிலும் விட்டதில்லை.

வினை அங்கேதான் வந்தது. இந்த வசந்தத்தில் மனைவி சலோமத் மயங்கி விழுந்தாள். இரத்த அழுத்தம் இருநூறு. தினம் ஒரு மாத்திரை, தவறினால் பக்கவாதம் என்றார் மருத்துவர். ஒன்பது நாள் கழித்து, மெத்தைக்கடியில் ஒன்பது மாத்திரையும் அப்படியே கிடைத்தன.

"கெழங்குதானேங்க. வீட்ல மூட்டையாக் கெடக்கு, அவிச்சுத் தின்னுக்கிறேன்," என்றாள்.

"அதெல்லாம் வெளையாட்டுக்குச் சொன்னது."

"இருபத்தாறு வருசமாவா?"

துர்குன் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி, அதில் ஒரு மாத்திரையைப் போட்டு அவள் முன்னால் வைத்தார். இருவரும் குனிந்து பார்த்தார்கள். மாத்திரை ஊதியது, விரிந்தது, பொலபொலவென்று உதிர்ந்தது.

"காய்ச்சுன மாவு கட்டிப் பிடிக்கும். காய்ச்சாத மாவும் கொஞ்சம் உள்ள இருக்கு, அது வயித்துல தண்ணி குடிச்சு ஊதி, மருந்த அவுத்துவிடும். இல்லேன்னா கல்லாட்டம் உள்ள போயி கல்லாட்டமே வெளிய வரும்." கிண்ணத்தை அவள் பக்கம் நகர்த்தினார். "மருந்து எள்ளளவுதான். அந்த எள்ளளவு இல்லேன்னா எனக்கு நீ இல்ல."



கல்யாணமான நாளிலிருந்து மனைவிக்குத் தேநீர் ஊற்றியறியாத மனிதர் கெண்டியை எடுத்தார். குறைய ஊற்றுவதுதான் அந்த ஊரில் மரியாதை; பெரிய விருந்தாளிக்கு ஊற்றுவதுபோல், இன்னொரு கிண்ணத்தின் அடி நனைய இரண்டே வாய் ஊற்றி, இடது கையை நெஞ்சில் வைத்தபடி நீட்டினார். பக்கத்தில் ரொட்டித் தட்டில் புது மாத்திரை ஒன்று இருந்தது.

"இத்துனூண்டு மரியாதையில மாத்திரை எறங்காது," என்றாள் சலோமத். மாத்திரையை எடுத்து நாக்கில் வைத்துக்கொண்டு, ரொப்பச் சொல்லிக் கிண்ணத்தைத் திருப்பி நீட்டினாள்.