ஐந்து பங்காளிகளின் சுருட்டுப் பெட்டி கிட்டார்

எதையாவது பிரித்துப் பார்க்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. காரைக்குடியில் இன்வெர்ட்டர், பேட்டரிக் கடை வைத்திருப்பதற்கும் அதுதான் காரணம். பழுது என்று யார் எதைக் கொண்டுவந்தாலும் வேண்டாம் என்று சொன்னதில்லை. சரி செய்து கொடுத்தேனா என்பதை மட்டும் அவர்களிடம் கேட்காதீர்கள்.

கடையில் ஆளில்லாத ஒரு மத்தியானம் போனில் ஒரு வீடியோ வந்து விழுந்தது. எந்த ஊர் என்று தெரியவில்லை, தாடிக்காரர் ஒருவர் சுருட்டுப் பெட்டியில் நீளக் கட்டையைச் செருகி, மூன்று கம்பி கட்டி, அதிலிருந்து ஒரு ஒயரை ஆம்பிளிஃபயரில் சொருகி கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தார். பாட்டு புரியவில்லை. அது பரவாயில்லை. ஒரு காலிப் பெட்டிக்குள் அவ்வளவு சத்தம் எங்கிருந்து வந்தது? நாலு தடவை பார்த்தேன். ஐந்தாவது தடவை பார்க்கும்போது, இப்படி ஒரு பெட்டியை எங்கோ பார்த்திருக்கிறோமே என்று பொறி தட்டியது.

கானாடுகாத்தானில் எங்கள் பூர்வீக வீடு. ஐந்து பங்காளிகளுக்குப் பொது. வருஷத்தில் முக்கால்வாசி நாள் பூட்டியே கிடக்கும். சாவி என் அண்ணனிடம். அண்ணனும் நானும் பேசி மூன்று வருஷம் ஆகியிருந்தது. வீட்டை ஹோட்டல்காரர்களுக்குக் குத்தகைக்கு விடலாம் என்றேன் நான். கூடாது என்றார் அவர். அதோடு விட்டிருக்கலாம். “அப்ப வீட்டைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு நீங்களே அழுங்க” என்று பங்காளிகள் எல்லோர் முன்னாலும் சொல்லித் தொலைத்தேன். நாக்கில் சனி. காரைக்குடியிலேயே நாலு தெரு தள்ளித்தான் அவர் வீடு. எதிரே வந்தால் நான் குனிந்து செருப்பைப் பார்ப்பேன். அவர் கடைப் பலகைகளைப் படித்துக்கொண்டே போய்விடுவார். அண்ணியும் என் மனைவியும் மட்டும் எங்கள் சண்டையைக் கண்டுகொள்ளாமல் குழம்பு, பொரியல் என்று கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

மழைக்கு முன் அந்த வீட்டுக்கு ஓடு மாற்றவேண்டியிருந்தது. அந்த வருஷம் அந்த வேலை என் முறை. அண்ணி வழியாகச் சாவி வந்தது. ஓடு மாற்றுகிறவர்களை மேலே ஏற்றிவிட்டு நான் நேராகச் சாமான் அறைக்குப் போனேன். பித்தளை அண்டாக்களுக்குப் பின்னால் பெட்டி இருந்தது. எங்கள் ஐயா, அதாவது அப்பாவைப் பெற்றவர், பர்மாவிலிருந்து கொண்டுவந்தது என்பார்கள். மேலே ஒட்டியிருந்த படம் பாதி உரிந்திருந்தது. விரலால் தட்டினால் நல்ல சத்தம். முகர்ந்து பார்த்தேன், இன்னும் லேசாகப் புகையிலை வாசம். கையோடு எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். காலிப் பெட்டியைப் போய் யாராவது சாமான் என்பார்களா?

கிட்டாரின் கழுத்துக்கு, பழைய சாமான் கடையில் ஒரு தேக்கு ரீப்பர் கட்டை கிடைத்தது. கம்பியும் அதை முறுக்கும் சாவிகளும் மதுரையிலிருந்து வந்தன. கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் சின்னச் சுருளைத்தான் நானே செய்யவேண்டும் என்று பிடிவாதம். மூன்று திருகாணி, அடியில் காந்தம், திருகாணிகளைச் சுற்றித் தாமிரக் கம்பி. மின்விசிறிக்குச் சுற்றும் கம்பியை வைத்துச் சுற்றினேன். ஆம்பிளிஃபயர் வாயே திறக்கவில்லை. அது ரொம்பத் தடிமன் என்பது ஒரு வாரம் கழித்துத்தான் உறைத்தது. பிறகு ஒரு பழைய ரிலே சுவிட்சைப் பிரித்து, தலைமுடி கனமுள்ள கம்பியை எடுத்து, மனைவியின் தையல் மெஷினில் பாபினுக்கு நூல் சுற்றும் சக்கரத்தில் மாட்டி ஆயிரக்கணக்கில் சுற்றினேன்.

“பத்து நாளா மிக்ஸி மூடி உடைஞ்சு கெடக்கு, அதைப் பாக்க நேரமில்லம்பீக. இதுக்கு மட்டும் எங்குட்டிருந்து நேரம் வருது?” என்றாள் அவள்.

இந்தமுறை இரண்டு கம்பிகள் பேசின. மூன்றாவது ஊமை. கனத்த சுருதிக்காக வீணையின் பித்தளைக் கம்பியைக் கட்டியிருந்தேன். காந்தத்துக்குப் பித்தளையைத் தெரியாது. எஃகுக் கம்பியை மாற்றிய உடனே அதுவும் பேசியது. இருமல் மருந்துப் புட்டியைக் கம்பிகள்மேல் வைத்து இழுத்தேன். சளி பிடித்த நாதஸ்வரம் மாதிரி ஒரு சத்தம். எனக்கு இசை தெரியாது, ஆனால் அன்றைக்கு என்னைப் பிடிக்க ஆளில்லை.

அந்தச் சந்தோஷம், முன்னோருக்குத் துணியும் சோறும் வைத்துக் கும்பிடும் படைப்பு நாள் வரைக்கும்தான். படைப்புக்கு முந்தின நாள் காலையில் பங்காளிகள் எல்லோரும் கானாடுகாத்தானில் கூடி, பொதுச் சாமான் பட்டியலை வாசித்துச் சரிபார்ப்பது எங்கள் வழக்கம். கரண்டி முதல் கம்பளம் வரை ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்த்தாக வேண்டும். மூத்த பங்காளி பட்டியலைப் பிரித்து வைத்துக்கொண்டு வாசித்தார். அண்ணன் சாவிக்கொத்தோடு பக்கத்தில் நின்றார். இடையில் ஒரு வரி வந்தது:

“சுருட்டுப் பெட்டி, மரம், காலி. ஒண்ணு.”

காலி என்பதைக்கூட எழுதிவைத்திருக்கிறார்கள் என் முன்னோர்கள். அண்டாக்களுக்குப் பின்னால் தேடினார்கள். பரண் மேல் தேடினார்கள். மூத்த பங்காளி கண்ணாடியைக் கழற்றிவிட்டு அண்ணனைப் பார்த்தார்.

“சாவி யாருகிட்ட இருந்துச்சு?”

“என்கிட்டதான்” என்றார் அண்ணன்.

அவ்வளவுதான் சொன்னார். ஓடு மாற்ற என்னிடம் கொடுத்ததைச் சொல்லியிருக்கலாம். வேறு யாரிடமும் அந்தச் சாவி போகவில்லை என்பதும் அவருக்குத் தெரியும். என் பக்கம் திரும்பக்கூட இல்லை. வீட்டை இத்தனை வருஷம் கட்டிக்காத்தவர், ஒரு காலிப் பெட்டிக்காக அத்தனை பேர் முன்னால் தலைகுனிந்து நின்றார்.

“நான்தான் எடுத்தேன்” என்றேன். “அண்ணனுக்குத் தெரியாது.”

வண்டியை எடுத்துக்கொண்டு காரைக்குடிக்குப் போய், கிட்டாரையும் சின்ன ஆம்பிளிஃபயரையும் கொண்டுவந்து முற்றத்தில் வைத்தேன். பெட்டியில் ஓட்டை போட்டிருப்பதைப் பார்த்து ஒருவர் தலையில் அடித்துக்கொண்டார். “சரி, வாசிச்சுத்தான் காட்டேன்” என்றார் இன்னொருவர். வாசித்தேன். சிரித்தார்கள். பிறகு வழக்கு ஆரம்பமானது. பெட்டி பொது, கம்பியும் கட்டையும் என்னுடையவை என்றேன். பெட்டியைப் பிரித்துத் திருப்பிக் கொடு என்றார்கள். ஓட்டை போட்ட பெட்டியை வைத்து என்ன செய்வது என்றும் அவர்களே கேட்டார்கள். காபி இரண்டு சுற்று வந்து போனது. கடைசியில் மூத்த பங்காளி, எங்கள் ஆட்கள் எதற்கும் சொல்கிற தீர்ப்பையே சொன்னார். முறை வைத்துக்கொள்வது. ஆளுக்கு ஒரு வருஷம். சீட்டு எழுதிக் குலுக்கிப் போட்டார்கள்.

முதல் சீட்டில் அண்ணன் பெயர் வந்தது.

அவர் கிட்டாரைத் துண்டில் சுற்றி, ஆம்பிளிஃபயரையும் எடுத்துக் காரின் பின்னால் வைத்துக்கொண்டு போய்விட்டார். நன்றி கிடையாது, திட்டு கிடையாது. திட்டியிருந்தால்கூடத் தேவலை. என் கையால் செய்ததை இழந்தது வருத்தம்தான். ஆனால் அவர் அதைப் பீரோ மேல் போட்டுவிட்டு என்னையும் அதோடு சேர்த்துத் தலைமுழுகிவிடுவார் என்ற பயம்தான் பெரிதாக இருந்தது. அண்ணியிடம் கேட்கச் சொல்லி மனைவியை அரித்தேன். “நீங்களே கேளுங்க” என்று அவள் மறுத்துவிட்டாள்.

இரண்டு மாதம் கழித்து, கடையில் ஒரு பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. திரையில் அண்ணன்.

“ஒண்ணு கேக்கணும்” என்றார். “இந்த ஆம்பிளிஃபயரைப் போட்டா ம்ம்ம்னு ஒரு இரைச்சல் வருது. கம்பியில கை வச்சா நின்னுருது. எடுத்தா மறுபடி வருது. நாலு நாளாப் பாக்குறேன். ஏன்?”

நாலு நாளாகப் பார்த்திருக்கிறார்! சோறு இறங்காத வியாதி அவருக்கும் உண்டு என்பது எனக்கு அதுவரை தெரியாது. நான் மடமடவென்று சொன்னேன். சுவருக்குள் ஓடுகிற மின்சாரத்தின் இரைச்சலை நம் உடம்பு வாங்கி அந்தச் சுருளுக்குக் கொடுக்கிறது. கம்பிகளை எர்த் ஒயரோடு இணைத்திருக்கிறேன். தொட்டவுடன் நம் உடம்பும் அதோடு சேர்ந்து அடங்கிவிடுகிறது. அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

“அப்ப கோளாறு ஒண்ணும் இல்ல?”

“இல்லண்ணே. பெட்டிக்குள்ள தகடு ஒட்டுனா இரைச்சல் இன்னும் கொறையும்.”

“அதுவரைக்கும் கையை எடுக்காம இருக்கணுமாக்கும்” என்றார்.

“எடுத்துராதீக. இந்தா வாறேன்.”

ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு நடந்தேன். நாலு தெருவும் எப்படிப் போயின என்று தெரியவில்லை. அண்ணன் வீட்டுக் கதவு திறந்திருந்தது. உள்ளே ஆம்பிளிஃபயரின் சிவப்பு விளக்கு எரிவது வாசலிலிருந்தே தெரிந்தது. இரைச்சல் இல்லை.