டென்மார்க் பாட்டுக்காரரும் என் வானும்

இசைக்குழுவுக்கு வான் ஓட்டுகிறவனுக்குப் பாட்டு கடைசியாகத்தான் தெரியவரும். முதலில் தெரியவருவது ஸ்பீக்கர் பெட்டியின் பாரம். முதுகுக்கு எண்ணெய் பூசிக்கொண்டு இதை வாசிக்கிற சக சாரதிமாருக்கு விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: சிட்னிக்கு வருகிற வெளிநாட்டுக் குழுக்களை விமான நிலையத்தில் ஏற்றி, மேடைக்கு மேடை கொண்டுபோய், பத்திரமாகத் திருப்பி அனுப்புவது என் தொழில். டென்மார்க்கிலிருந்து வந்த ஒரு குழுவை மட்டும் மூன்று முறை ஏற்றினேன். குழுவின் பெயரை நான் எப்படிச் சொன்னாலும் அவர்கள் சிரிப்பார்கள், ஆகையால் விடுகிறேன்.

என்ன பாட்டு?

வந்தவர்கள் மூன்று பேர்: பாடுகிற மெட்டே, கிற்றார் வாசிக்கிற யென்ஸ், டிரம்ஸ் அடிக்கிற ஹென்றிக். மெட்டேயும் யென்ஸும் பள்ளிக்கூடத்தில் ஒரே வகுப்பாம். பெட்டிகளை ஏற்றி முடித்து, மூச்சு வாங்கியபடி, மரியாதைக்கு என்ன வகைப் பாட்டு என்று கேட்டு வைத்தேன். "ஆல்டர்நேட்டிவ் ரொக்" என்றான் யென்ஸ். அப்படியென்றால்? மெட்டே சீற் பெல்ட்டை இழுத்துப் போட்டபடி சொன்னாள்:

"ரொக் கேட்கிறவர்கள் எங்களைப் பொப் என்பார்கள். பொப் கேட்கிறவர்கள் ரொக் என்பார்கள். இரண்டு கூட்டமும் வராது."

முன்வரிசை

அவள் சொன்னது சரி. முதல் நிகழ்ச்சிக்கு மண்டபத்தில் பதினொரு பேர். அதில் இருவர் பாரில் வேலை செய்கிறவர்கள். ஏற்பாட்டாளர் என்னைப் பார்த்த பார்வையில் வென்ட்வேர்த்வில்லில் இருக்கிற என் வீட்டுக்கு ஃபோன் போட்டேன். என் மனைவி சாந்தி, அவளுடைய தம்பி குடும்பம், பக்கத்து வீட்டு அன்ரி என்று ஆறு பேர், கோயிலுக்குப் போகிற உடுப்போடு வந்து முன்வரிசையில் நின்றார்கள்.

குழு அன்றைக்கு ஆயிரம் பேருக்கு வாசிப்பதுபோல வாசித்தது. அன்ரி காதில் பஞ்சு வைத்துக்கொண்டு கடைசிவரை நின்றா. மேடையால் இறங்கிய ஹென்றிக் நேரே வந்து அவவின் கையைப் பிடித்து நன்றி சொன்னான். எனக்குக் கொஞ்சம் பெருமைதான். பாட்டு எப்படி என்று சாந்தியைக் கேட்டேன்.

"பாட்டு நல்லாத்தான் இருக்குது. ஆனா அந்தப் பிள்ளையும் கிற்றார்காரப் பொடியனும் ஒருக்காக்கூட ஒருத்தரை ஒருத்தர் பார்க்கேல்லை, கவனிச்சனீங்களோ?"

குல்பேர்னுக்கு அப்பால்

இரண்டாம் முறை வந்தபோது நிலைமை வேறு. அவர்களுடைய ஒரு பாட்டு எப்படியோ சனத்துக்குப் பிடித்துப்போயிருந்தது. பரமட்டாவில் கோப்பி குடிக்க நிறுத்தினால் இளசுகள் ஓடிவந்தார்கள். அந்தப் பாட்டை எழுதியது யென்ஸ். வந்தவர்கள் மெட்டேயைச் சுற்றி நின்றுகொண்டு, யென்ஸிடம் ஃபோனைக் கொடுத்துப் படம் எடுக்கச் சொன்னார்கள். எடுத்தான். நன்றாகவே எடுத்தான்.

அன்றைக்கே மெல்பேர்னுக்குப் புறப்பட்டோம். ஒன்பது மணித்தியால ஓட்டம். வழியில் குல்பேர்ன் என்ற ஊரைத் தாண்டியதும் யென்ஸ் நிறுத்தச் சொன்னான். வாந்தியாக்கும் என்று வானை ஓரங்கட்டினேன். அவன் கிற்றாரை மட்டும் எடுத்துக்கொண்டு, வந்த வழியே நடக்கத் தொடங்கினான். மெட்டே கண்ணாடியால் பார்த்துக்கொண்டிருந்தாள், இறங்கவில்லை. நான் பின்னால் ஓடிப்போய், வேறென்ன சொல்வதென்று தெரியாமல், மெல்பேர்ன் அந்தப் பக்கம் என்றேன்.

"தெரியும். அதனால்தான் இந்தப் பக்கம் போகிறேன்."

டண்டினொங்கில் ஒரு பட்டறை

மெல்பேர்னில் இருவராக வாசித்தார்கள். கேட்கச் சகிக்கவில்லை. அடுத்த வாரம் குழு கலைந்தது. அன்றைக்கு நான் வானை நிறுத்தியிருக்கக் கூடாது என்று கன நாள் மனதுக்குள் கிடந்தது.

ஆறு வருடம் கழித்து மெட்டேயும் ஹென்றிக்கும் திரும்ப வந்தார்கள், கிற்றாருக்குப் பதில் ஒரு மடிக்கணினியோடு. மெல்பேர்ன் போய்ச் சேர்ந்ததும் மெட்டே ஒரு விலாசத்தை நீட்டினாள். டண்டினொங், தொழிற்சாலைகளுக்கு நடுவே ஒரு மரவேலைப் பட்டறை. யென்ஸ் இந்த நாட்டைவிட்டுப் போகவேயில்லையாம். சமையல் பாத்திரம் அடுக்குகிற குசினி அலுமாரிகள் செய்துகொண்டிருந்தான்.

வாசலில் நிறுத்தி அரை மணித்தியாலமாகியும் மெட்டே அசையவில்லை. "அன்றைக்கு நான் இறங்கியிருக்க வேண்டும்" என்றாள். "நான் நிறுத்தியிருக்கக் கூடாது" என்றேன். பிறகு இறங்கிப் போனாள். தூரத்திலிருந்து பார்த்தேன். அவள் அழுதாள். அவன் அளவு நாடாவை இழுப்பதும் விடுவதுமாக நின்றான். அவள் திரும்பி வந்து ஏறியபோது, ஒத்திகைக்கு வருவானா என்று கேட்டேன்.

"இன்றைக்கு ஒரு வீட்டில் குசினி அலுமாரி பொருத்த வேண்டுமாம். நாளை மத்தியானம் வருவானாம்."

ஒத்திகை

வந்தான், கிற்றாரோடு. ஹென்றிக் தலையைக்கூட ஆட்டவில்லை. குச்சியால் நான்கு தட்டிப் பாட்டைத் தொடங்கினான். யென்ஸ் எழுதிய அதே பாட்டு. நடுவில் மெட்டேக்கு வரி மறந்துவிட்டது. எத்தனையோ மேடையில் பாடிய வரி. யென்ஸ் மைக்குக்குக் கிட்ட வந்து, மெதுவாக அதைப் பாடிக்கொடுத்தான். அவள் பிடித்துக்கொண்டாள். வாசலில் ஒரு பெட்டியோடு நின்ற நான் அதை இறக்கி வைக்க மறந்துபோனேன்.

பாட்டு முடிந்தது. ஹென்றிக் முகத்தைத் துடைத்தான், ஆறு வருடத்தில் முதல் முறையாக யென்ஸோடு பேசினான்.

"நீ இப்பவும் வேகமாகத்தான் வாசிக்கிறாய்."

இந்தத் தொழிலில் நான் கண்டது இவ்வளவுதான்: கோபித்துக்கொண்டு இறங்கிப் போவதிலும் திரும்பி வந்து சேர்வதிலும் இசைக்குழுவும் கல்யாண வீட்டுக்காரரும் ஒன்றுதான், இசைக்குழு கொஞ்சம் சத்தம் குறைவு.