ரெண்டு முனைக்கும் ஒரே ஆளு

நெஞ்சுவலின்னு சொல்லி எங்க வூட்டுக்காரரு போய்ட்டாரு. ஆபீசு ஆபீசா கம்ப்யூட்டர் லைன் போட்டுக் குடுக்குற கடைய நாங்க ரெண்டு பேருமாத்தான் நடத்திகினு இருந்தோம். காரியம் முடிஞ்ச மறுவாரமே இரும்புக்கடை பாய்கிட்டேருந்து போன். பாய் நல்ல மனுஷன், சாவுக்கு வந்து வாசல்ல நின்னு அழுதவரு. ஆனா வியாபாரம் வியாபாரம்தானே. அவரோட சாத்தாங்காடு யார்டுல எடைமேடைய புது ஷெட்டுக்கு மாத்திட்டாங்க, புது ரவுட்டரும் வாங்கி வெச்சிட்டாங்க. எடைச்சீட்டு கம்ப்யூட்டர் வழியா தண்டையார்பேட்டையில பாய் ஆபீசுக்கு வந்து சேர்ந்தாத்தான் பில் போட முடியும், பில் போட்டாத்தான் லாரி வெளிய போவும்.

"இன்னைக்கு சாயந்திரத்துக்குள்ள லிங்க் வரணும்மா. உன்னால முடியலன்னா சொல்லிடு, வேற ஆளு பாத்துக்கிறேன். தப்பா எடுத்துக்காத"ன்னாரு.

தப்பா எடுத்துக்காம பின்ன எப்படி எடுத்துக்கிறது? எங்ககிட்ட இருந்த பெரிய வேலையே பாயோடதுதான். அதுவும் போச்சுன்னா கடைய மூடிட்டு எவன் வூட்லயாவது போய் நிக்க வேண்டியதுதான். வரேன் பாய்னு சொல்லி போன வெச்சேன்.

இந்த வேலை ஒண்ணும் மந்திரம் இல்ல. ரவுட்டருக்கு அதுவா வழி தெரியாது. இந்த நம்பருக்குப் போறதெல்லாம் இந்தப் பக்கம் போவட்டும்னு நாமதான் கையால எழுதி வெக்கணும். ஸ்டாட்டிக் ரூட்டுன்னு பேரு. அத ரெண்டு முனையிலயும் எழுதணும். போற வழிய எழுதிட்டு வர்ற வழிய வுட்டா, இங்கேருந்து கேட்டது அங்க போய்ச் சேரும், பதில் மட்டும் வராது. எங்க வூட்டுக்காரரு யார்டு முனைக்குப் போவாரு, நான் ஆபீசு முனையில ஒக்காருவேன். நம்பரெல்லாம் அடிச்சு வெச்சிட்டு ஓகே பட்டன் மேல மவுஸ நிறுத்திகினு காத்துகினு இருப்பேன். அங்கேருந்து போன் வரும். "நான் போட்டேன்மே, நீ போடு." அப்பறம்தான் அமுக்குவேன். எந்த முனைய வேணா முன்ன போடலாம், எத வேணா பின்ன போடலாம், ஒண்ணும் ஆவாது. ஆனா கல்யாணம் ஆனதுலேருந்து எங்களுக்கு அப்படி ஒரு பழக்கம்.

அன்னைக்குக் காலையில ஆபீசு முனைய முடிச்சிட்டு டோல்கேட் ஸ்டாப்புல யார்டுக்கு பஸ் புடிச்சேன். யார்டுல டிரைவருங்க என்னயப் பாத்துட்டு வழிவுட்டு ஒதுங்குனாங்க. ஒருத்தரு மட்டும், "அண்ணன் ஒக்கார்ற ஸ்டூலு இதுதாம்மா"ன்னு இழுத்துப் போட்டாரு. அதுல ஒக்கார ஒடம்பே கூசுச்சு. ஒக்காந்தேன், வேற இன்னா பண்றது.

யார்டு முனையில ரூட்ட போட்டு, ஆபீசுலேருந்து பதில் வருதான்னு பாக்க பிங் அடிச்சேன். பதில் இல்ல. நம்பர திருப்பித் திருப்பிப் பாத்தேன், சரியாத்தான் கீது. கேபிள புடுங்கிச் சொருவுனேன். ரவுட்டர ஆஃப் பண்ணி ஆன் பண்ணேன். வெளிய ஹாரன் மேல ஹாரன். பாய் போன் பண்ணாரு, எடுக்கல. எங்க வூட்டுக்காரரு மேல அப்படி ஒரு கோவம் வந்துச்சு. எல்லா பேஜாரையும் என் தலையில கட்டிட்டு நீ பாட்டுக்குப் போய்ட்டியேய்யான்னு வாய்விட்டே திட்டுனேன். திட்டும்போதுதான் பொறி தட்டுச்சு.

காலையில ஆபீசுல நம்பர அடிச்சேன், ஓகேவ அமுக்கல. மவுஸ புடிச்சிகினு அவரு போனுக்காக எவ்ளோ நேரம் ஒக்காந்திருந்தேனோ தெரியல. கணக்கு பாக்குற அக்கா டீ கொண்டாந்து வெச்சாங்க. குடிச்சிட்டு எழுந்து வந்துட்டேன்.

அந்த அக்காவுக்கு போன் போட்டேன். "அக்கா, நான் ஒக்காந்திருந்த கம்ப்யூட்டர்ல சின்னதா ஒரு பெட்டி தொறந்து கீதா?"

"கீதும்மா, யாரும் தொடல."

"நான் போட்டுட்டேன்க்கா, நீ போடு."

சொன்னப்பறம்தான் அது யாரு பேச்சுன்னு எனக்கே ஒறைச்சுது. அக்கா, "இன்னாத்த போடுறது?"ன்னு கேட்டாங்க. கீழ ஓகேன்னு இருக்கும், அத அமுக்குக்கான்னு சொன்னேன்.

பிங்குக்குப் பதில் வந்துச்சு. லாரி ஒண்ணொண்ணா கெளம்புச்சு. பாய் திரும்பவும் போன் பண்ணி, "நல்லா பண்ணிட்டம்மா, இனிமே நீயே பாரு"ன்னாரு. சரிங்க பாய்னேன்.

வேலை முடிஞ்சும் அந்த ஸ்டூல்லயே ஒக்காந்திருந்தேன். இந்த வேலை கைய வுட்டுப் போயிடக் கூடாதுன்னு காலையிலேருந்து எல்லா சாமியையும் கும்புட்டுகினுதான் வந்தேன். ஆனா அதுக்கும் அடியில, அவரு இல்லாம இந்த லிங்க் வரவே கூடாதுன்னும் மனசு வேண்டிகினு இருந்திருக்கு. ஸ்கிரீனப் பாத்தேன். ஒண்ணுகூட விட்டுப்போவாம பதில் வந்துகினே இருந்துச்சு.